ஒரு டீஸ்பூன்கூடத் தேறாத ரத்தம்: வளர்ப்புப் பறவைக்கு அடிபட்டால்

நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி ஜோடியாகக் கொடுக்கிறார்களே, அது பெரும்பாலும் பட்ஜி. நன்றாக வளர்ந்த ஒன்றின் எடை 30 முதல் 40 கிராம். பறவை உடம்பில் ரத்தம் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, ஆகவே 35 கிராம் பட்ஜிக்கு மொத்தமே மூன்றரை மில்லி ரத்தம்தான். சொட்டுக் கணக்கில் சுமார் 70 சொட்டு. ஆரோக்கியமான பறவையாக இருந்தால் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறேழு சொட்டு போனாலும் தாங்கிக்கொள்ளும், அதற்கு மேல் போகப்போக ஆபத்து ஏறிக்கொண்டே போகும். நகம் உடைந்து ரத்தம் சொட்டுவது நமக்கு ஒரு பிளாஸ்திரி விஷயம். பட்ஜிக்கு அது கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய விஷயம்.

அதே சமயம், வெள்ளை டைல்ஸில் நாலு சொட்டு தெறித்தாலே கூண்டு முழுக்க ரத்தம் மாதிரிதான் தெரியும். உடனே பதறிப்போய் கூண்டுக்குள் கையை விட்டுத் துரத்தித் துரத்திப் பிடித்தால் பறவையின் இதயம் இன்னும் வேகமாக அடிக்கும், ரத்தம் இன்னும் வேகமாகப் போகும். முதலில் ஒரு நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். ரத்தம் எங்கிருந்து வருகிறது, இன்னும் சொட்டுகிறதா, இல்லை உறைந்துவிட்டதா? சில நேரம் அது தானாகவே நின்றிருக்கும், அப்போது பிடிக்கவே வேண்டாம்.

எல்லாக் காயமும் ரத்தம் காட்டிக்கொண்டு வராது, அதுதான் பறவை வளர்ப்பில் பெரிய சிக்கல். கூட்டமாக வாழும் சின்னப் பறவை காட்டில் சோர்ந்து உட்கார்ந்தால் வல்லூறு முதலில் அதைத்தான் தூக்கும், ஆகவே முடிந்தவரை ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருப்பது அதன் பிறவிக் குணம். நீங்கள் பார்க்கும்போது நிமிர்ந்து உட்காரும், அறையை விட்டுப் போனதும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உருண்டையாகிவிடும். அதனால் கொஞ்சம் மறைந்து நின்று பார்ப்பது நல்ல பழக்கம். ஒரு காலில் மட்டும் எடை போடுகிறதா, ஒரு சிறகு மற்றதைவிடத் தாழ்ந்து தொங்குகிறதா, கம்பை விட்டுக் கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கிறதா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுகிறதா என்று கவனியுங்கள். தினையைக் கொறிப்பது போல் பாவனை செய்துவிட்டு ஒன்றுமே தின்னாமல் இருக்கும் பறவையும் உண்டு. உமி மட்டும் கிடக்கிறதா, முழுத் தினை அப்படியே இருக்கிறதா என்று கிண்ணத்தை ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. காலையில் இரை வைப்பதற்கு முன் வாரம் ஒருமுறை எடை குறித்து வைத்தால், 35 கிராமில் மூன்று நாலு கிராம் குறைந்த அன்றே ஏதோ சரியில்லை என்று பிடித்துவிடலாம்.

சரி, பிடித்தே ஆக வேண்டும் என்றால் எப்படிப் பிடிப்பது? இங்கேதான் பறவையின் மூச்சு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நமக்கு வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது, நெஞ்சை யாராவது கட்டிப் பிடித்தாலும் அதை வைத்து ஓரளவு மூச்சு விடலாம். பறவைக்கு அப்படி ஒன்று கிடையாது. அதன் நுரையீரல் முதுகு விலாவோடு ஒட்டியிருக்கிறது, பெரிதாக விரிந்து சுருங்காது. உடம்பெங்கும் பரவியிருக்கும் ஒன்பது காற்றுப்பைகள் விரிந்து சுருங்கித்தான் நுரையீரல் வழியாகக் காற்றைச் செலுத்துகின்றன, அந்தப் பைகள் விரிய வேண்டுமானால் மார்பெலும்பு முன்னும் கீழுமாக அசைந்தாக வேண்டும். நெஞ்சை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்தால் மூக்கு, வாய் எல்லாம் திறந்திருந்தும் பறவை மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஆகவே விளக்கை மங்கலாக்கி, மெல்லிய பருத்தித் துண்டால் பின்பக்கமாகப் போர்த்தி எடுங்கள். தலையின் இரு பக்கமும், தாடைக்குக் கீழே, கட்டைவிரலும் இன்னொரு விரலும் அணைத்திருக்கட்டும், முதுகு உள்ளங்கையில் இருக்கட்டும், நெஞ்சின் மேல் எதுவும் படவே கூடாது.

வீட்டில் அதிகம் நடக்கும் ரத்தப்போக்கு, புதிதாக முளைக்கும் இறகு உடைவதால் வருவதுதான். முழுதாக வளர்ந்த இறகு நம் நகத்தின் நுனி மாதிரி, உயிரில்லாதது, வெட்டினாலும் வலிக்காது. வளர்ந்துகொண்டிருக்கும் இறகு வேறு. அதன் தண்டுக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது. வெளிர் நிற இறகுகளில் தண்டின் அடிப்பாகம் கருநீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரியும், நுனியில் மெழுகு போன்ற உறை சுற்றியிருக்கும். வளர்ந்து முடிந்ததும் குழாய் சுருங்கி மூடிக்கொள்ளும். அதற்கு முன்னால் கூண்டுக் கம்பியில் இடித்து உடைந்தால், திறந்த தண்டு வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கும். காக்டெயில் என்ற கொண்டைக் கிளி வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அந்த இனத்துக்கு இருட்டில் சின்னச் சத்தம் கேட்டாலே மிரண்டுபோய் கூண்டு முழுக்க அடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு, காலையில் பார்த்தால் சுவரெல்லாம் ரத்தத் தெறிப்பு. இரவில் ஒரு ஜீரோ வாட் பல்பு எரிந்தாலே இது வெகுவாகக் குறையும்.

செய்ய வேண்டியது இதுதான். சிறகை மெதுவாக விரித்து உடைந்த தண்டைக் கண்டுபிடியுங்கள். அதன் வாயில் கார்ன் ஃப்ளோர், அதாவது சமையலறையில் சூப்புக்குப் போடும் சோளமாவைக் கொஞ்சம் வைத்து, சுத்தமான பஞ்சாலோ துணியாலோ விரலால் மெல்ல அழுத்துங்கள். மாவு ஈரத்தை உறிஞ்சி ரத்தம் உறைவதற்கு ஒரு பிடிமானம் கொடுக்கும். இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும், பத்து வினாடிக்கு ஒருதரம் எடுத்துப் பார்த்தால் உறைந்ததெல்லாம் பிய்ந்துவிடும். நின்றதும் கூண்டில் விட்டு ஓரிரு மணி நேரம் அமைதியாக வையுங்கள். உடைந்த இறகைப் பிடுங்கி எறியச் சொல்லும் பழைய ஆலோசனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து வீட்டில் அதைச் செய்யாதீர்கள். சிறகின் பெரிய இறகுகளின் அடி எலும்பை ஒட்டியே நிற்கிறது, பிடுங்குவது கடும் வலி, தவறாக இழுத்தால் இறகுக்குழியே கிழியும், மெல்லிய எலும்பு முறியவும் வாய்ப்புண்டு. அழுத்தியும் நிற்கவில்லை என்றால் அதைப் பிடுங்குவதா வேண்டாமா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும்.

நகம் உடைந்தாலும் இதே சோளமாவுதான். சோளமாவு இல்லையா, உலர்ந்த சோப்புக் கட்டியில் நகநுனியைக் குத்தி எடுத்தாலும் நிற்கும். ரத்தம் நிறுத்துவதற்கென்றே விற்கும் மஞ்சள் நிற ஸ்டிப்டிக் பவுடர் நகத்துக்கு மட்டும் சரி, தோல் காயத்தில் போட்டால் திசுவைச் சுட்டுவிடும். கால் விரல்களில் அடிக்கடி நேரும் இன்னொரு தொல்லை நூல். விளையாட்டுச் சாமான், துணிக்கூடு, பழைய துண்டு ஆகியவற்றின் இழை விரலில் சுற்றிக்கொள்ளும், பறவை அலகால் இழுக்க இழுக்க இறுகும், ஒரே நாளில் விரல் வீங்கிக் கறுத்துவிடும். மேலோட்டமாக இருந்தால் முனை மழுங்கிய சின்னக் கத்தரியால் வெட்டலாம், சதைக்குள் புதைந்திருந்தால் தொடாதீர்கள். அப்புறம், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் கூண்டையும் பட்ஜிக் கூண்டையும் ஒட்டி வைக்கவே கூடாது. கம்பி வழியாகவே பட்ஜியின் விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும்.

தோலில் சின்ன சிராய்ப்பு, கீறல் என்றால் மெடிக்கலில் கிடைக்கும் நார்மல் சலைனால் கழுவினாலே பாதி வேலை முடிந்தது. பீட்டாடின் போட வேண்டுமானால் இளம் டீ நிறத்துக்கு வரும்வரை தண்ணீர் கலந்து போடுங்கள். டெட்டால், ஸ்பிரிட் இரண்டும் வேண்டாம். காயம் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு விஷயங்கள் உங்களைக் குழப்பும். அடிபட்ட இடம் இரண்டு மூன்று நாளில் பச்சையாகும், அழுகிவிட்டதோ என்று பயந்துபோவீர்கள். நம் உடம்பில் கன்றிப்போன ரத்தம் சிதையும்போது முதலில் பச்சை நிறமியும் பிறகு மஞ்சள் நிறமியும் உண்டாகின்றன. பச்சையை மஞ்சளாக்கும் நொதி பறவைகளிடம் மிகக் குறைவு, அதனால் கன்றல் பச்சையோடு நின்றுவிடுகிறது. அது வழக்கமான ஆறுதல்தான். வீக்கமோ கெட்ட வாடையோ சேர்ந்து இருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். இரண்டாவது, சீழ். பறவைக்குச் சீழ் நீராக ஒழுகாது, பாலாடைக்கட்டி பதத்தில் கெட்டியாகிவிடும், காரணம் அதன் வெள்ளணுக்களில் சீழைக் கரைக்கும் நொதி ஒன்று இல்லை. ஆகவே கட்டி தானாக உடைந்து வடிந்துவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை, மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டும்.

நல்ல எண்ணத்தோடு நாம் செய்யும் சில காரியங்கள்தான் காயத்தைவிட மோசம். தேங்காய் எண்ணெய், பிசுபிசுப்பான ஆயின்மென்ட் எது பூசினாலும் இறகு ஒட்டிப்போகும். இறகுகளுக்கு நடுவே தங்கும் காற்றுதான் பறவையின் கம்பளி, அது போனால் சுமார் 41 டிகிரி உடம்புச் சூட்டைக் காப்பாற்ற முடியாமல் நடுங்கும், பூசியதையெல்லாம் அலகால் கோதி உள்ளேயும் தள்ளும். மரத்துப்போகச் செய்யும் களிம்புகள் சின்னப் பறவைக்கு நஞ்சு. வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது, தண்ணீர் நேராக அங்கே போய்விடும்.

வலி மாத்திரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டைக்ளோஃபெனாக் நம் வீட்டு மருந்துப் பெட்டியில் சாதாரணமாகக் கிடக்கும் மருந்து. மாடுகளுக்கு அதைக் கொடுத்தார்கள், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது, உறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளை வெள்ளையாகப் படிந்து அவை செத்தன. 1990களில் தொடங்கிய அந்தச் சரிவில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறு கிட்டத்தட்ட அழிந்தே போயிற்று. காரணம் 2004இல் உறுதியானது, 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க வேண்டுமானால் முதுமலை, மாயாறு பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது. நாலு கிலோவுக்கும் மேல் எடையுள்ள கழுகுக்கே இந்தக் கதி. 35 கிராம் பறவைக்கு மனிதர் மாத்திரையில் தூள் அளவு கூட, யார் சொன்னாலும், கொடுக்காதீர்கள். பறவைக்கும் வலி நிவாரணி உண்டு, மருத்துவர்கள் மெலாக்ஸிகம் போன்றவற்றை எடைக்குத் தக்க அளவில் தருவார்கள்.

சின்னக் காயம் என்று நினைத்து ஏமாறும் இடங்களும் உண்டு. பறவையை வெளியே விடும் நேரத்தில் சீலிங் ஃபேன் ஓடவே கூடாது, இதில் சமரசமே வேண்டாம் என்பேன். ஃபேன் இறக்கையிலோ கண்ணாடி ஜன்னலிலோ மோதிய பறவைக்கு வெளியே கீறல்கூட இருக்காது, ஆனால் சில மணி நேரத்தில் கழுத்தோரமோ விலாவோரமோ தோல் உப்பி, தொட்டால் காற்றடைத்த மாதிரி இருக்கும். உள்ளே காற்றுப்பை கிழிந்து காற்று தோலுக்கடியில் கசிகிறது என்று அர்த்தம். சிறகு தொங்கி எலும்பு வெளியே தெரிந்தால் அந்த இடத்தில் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். சிறகின் மேல் எலும்பு உள்ளே பொள்ளல், காற்றுப்பையோடு நேரடித் தொடர்புள்ளது, ஊற்றிய தண்ணீர் அந்த வழியாக மூச்சு மண்டலத்துக்கே போகும். பூனை கவ்விய பறவையும் அப்படித்தான். ஊசி குத்திய அளவுக்கு ஒரு துளை மட்டும் தெரியும், பறவையும் தெளிவாக இருக்கும். பூனையின் எச்சிலில் உள்ள பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் பறவையைக் கொன்றுவிடும். அன்றைக்கே ஆன்டிபயாடிக் தொடங்கியாக வேண்டும், நாளைக் காலை பார்க்கலாம் என்று விடக் கூடாது.

எந்தக் காயமானாலும் முதலுதவிக்குப் பின் தேவை சூடும் இருட்டும் அமைதியும். காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி போதும். அடியில் இழை பிரியாத துணி, தரையிலேயே கொஞ்சம் தினை, ஒரு மூடியில் தண்ணீர். உள்ளே 30 டிகிரி அளவுக்கு இருந்தால் நல்லது. ஊட்டியிலோ மார்கழி இரவிலோ வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு போதுமென்றால் பறவையே மறுபக்கம் நகர்ந்துகொள்ளட்டும். சென்னை மே மாதத்தில் இது எதுவும் வேண்டாம், அறையே 34 டிகிரி இருக்கும். சிறகை உடம்பிலிருந்து தள்ளி வைத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

பறவை பார்க்கும் மருத்துவர் உங்கள் ஊரில் யார் என்று இன்றே விசாரித்து வையுங்கள், அடிபட்ட பிறகு தேடினால் நேரம் போய்விடும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அடிபட்டு விழுந்தது பச்சைக்கிளியாக இருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்க்கக் கூடாது. கிளம்பும்போது பெட்டியிலிருந்து தண்ணீர் மூடியை எடுத்துவிடுங்கள், பைக்கில் போனால் பின்னால் உட்காருபவர் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளட்டும். கூண்டின் அடியில் போட்ட காகிதத்தையும் எச்சத்தோடு சுருட்டாமல் எடுத்துப் போங்கள். கரும்பச்சையாக, கொஞ்சமே கொஞ்சமாக எச்சம் இருந்தால் அது பல மணி நேரமாகச் சாப்பிடவில்லை என்று மருத்துவர் பார்த்ததுமே சொல்லிவிடுவார்.