மறுபடியும் ரத்தம் கேட்டால்

"என்னம்மா, குழந்தைகிட்ட எத்தனை தடவைதான் ஊசி குத்துவீங்க?"

போன வாரம் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் ஒரு தந்தை என்னிடம் கேட்டார். ஆறு வயதுப் பெண், நரம்பே தெரியாத கை. முதலில் எடுத்த ரத்தத்தைச் சுழலவைத்துப் பிரித்ததும், மேலே நின்ற சீரம் வைக்கோல் நிறத்தில் இல்லை. தண்ணீரில் மாதுளைச் சாறு கலந்த மாதிரி இருந்தது. குழாயை அவரிடமே காட்டினேன். சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன; அவற்றுக்குள் எல்டிஹெச் என்ற நொதி (உடலில் ரசாயன மாற்றங்களை வேகப்படுத்தும் புரதம்) சீரத்தில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கும் மேல் உண்டு, எஸ்ஜிஓடி என்ற இன்னொரு நொதியும் நிறைய. இதை மெஷினில் வைத்தால் பிள்ளைக்கு இல்லாத நோயைத்தான் அது சொல்லும் என்றேன். அவரே மகளை மடியில் வைத்துக்கொண்டு கையைப் பிடித்துக் கொடுத்தார்.

நொதிப் பரிசோதனையில் மட்டும் ஏன் இவ்வளவு கவனம்? சர்க்கரையை எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறோம். நொதியை அது செய்யும் வேலையை வைத்து அளக்கிறோம். கட்டட வேலைக்கு வந்த ஆட்களை எண்ணாமல், ஒரு நிமிடத்தில் எத்தனை செங்கல் இறக்கினார்கள் என்று பார்ப்பது போல.

கல்லீரலுக்குப் பார்க்கும் எஸ்ஜிபிடி என்ற நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். அது அலனின் என்ற பொருளிலிருந்து பைருவேட் என்ற இன்னொரு பொருளை உண்டாக்கும். ரீஏஜெண்டில், அதாவது சோதனைக் கரைசலில் இருக்கும் இன்னொரு நொதி அந்தப் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றும். அப்போது அதே கரைசலில் இருக்கும் என்ஏடிஹெச் என்ற பொருள் செலவாகும். என்ஏடிஹெச் 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சக்கூடியது. அது தீரத் தீர உறிஞ்சல் குறைகிறது. நாங்கள் பயன்படுத்தும் கிட்டில் 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜெண்டுக்கு 100 மைக்ரோலிட்டர் சீரம், வெப்பம் 37 டிகிரி. எஸ்ஜிபிடி 40 என்றால் நிமிடத்துக்கு வெறும் 0.023 குறையும். அவ்வளவு சிறிய இறக்கத்தைத்தான் உங்கள் ரிப்போர்ட்டில் எண்ணாகப் போடுகிறோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. ஒரு இளைஞர், கண்ணெல்லாம் மஞ்சள், சீரம் மஞ்சள் தண்ணீராகவே இருந்தது. எஸ்ஜிபிடி 38 என்று வந்தது. நார்மல். எழுதி அனுப்பப் போனேன். சீனியர் அக்கா ஆளையும் பார்த்தார், எண்ணையும் பார்த்தார். "ஆரம்ப ரீடிங் எவ்வளவும்மா?" என்றார். அளக்கத் தொடங்கும்போது உள்ள ஒளி உறிஞ்சல்தான் அது; இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. சீரத்தில் ஒரு பங்கு எடுத்து, ஒன்பது பங்கு சலைன் சேர்த்து மறுபடி ஓட்டச் சொன்னார். பத்தால் பெருக்கினால் 2,800. நொதி அத்தனை அதிகமாக இருந்ததால், மெஷின் அளக்கத் தொடங்குவதற்கு முன்பே என்ஏடிஹெச் மொத்தமும் தீர்ந்திருக்கிறது. லாரி காலியான பிறகு போய்ப் பார்த்தால் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா, அப்படி. அந்த 38 வெளியே போயிருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அதன்பின் ஆரம்ப ரீடிங்கைப் பார்க்காமல் நான் ஒரு எண்ணையும் எழுதியதில்லை.

ஊதா மூடிக் குழாயில் மீதமிருக்கும் ரத்தத்தையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க அதில் சேர்த்திருக்கும் ஈடிடிஏ, ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி வேலை செய்யத் தேவையான துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முடிவு பொய்யாகக் குறையும். அதற்குத் தனிக் குழாய்தான்.

நீங்களும் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். முந்தின நாள் ஜிம்மில் கடுமையாகப் பயிற்சி செய்திருந்தாலோ, தசையில் ஊசி போட்டிருந்தாலோ சிகே (தசையிலும் இதயத்திலும் இருக்கும் நொதி) ஏறும். மாரடைப்பு பயத்தில் வந்தவருக்கு அது வீண் கலக்கம். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் ஆல்கலைன் பாஸ்படேஸ் இயல்பாகவே கூடுதல். வயதைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். ஒரே நோய்க்கு அடிக்கடி பார்ப்பதென்றால் ஒரே லேபில் பாருங்கள். முறை மாறினால் எண்ணும் மாறும், நார்மல் அளவும் மாறும்.

அந்தச் சிறுமியின் இரண்டாவது சீரம் தெளிவாக வைக்கோல் நிறத்தில் வந்தது. எல்டிஹெச், எஸ்ஜிஓடி இரண்டும் அவள் வயதுக்குரிய அளவுக்குள் இருந்தன.