ரிப்பேரியன் பஃபர் ஸ்ட்ரிப்: தமிழில் காப்புக்கரை

‘கரையோரப் பட்டியை வேலியிட்டுப் பராமரித்தல்.’ பால்மாடு வளர்ப்பவர்களுக்கான ஒரு கைநூலைத் தமிழாக்கும்போது, கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் இருந்து நான் எழுதிய அத்தியாயத் தலைப்பு இது. மட்டக்களப்பில் மாடு வைத்திருக்கும் என் மாமாவுக்கு அனுப்பினேன். அன்று இரவே தொலைபேசி வந்தது. “ஆத்தங்கரையிலயா மருமகன் பட்டி போடச் சொல்றீங்க? மாரிக்குச் சாணியெல்லாம் ஆத்துக்குள்ளதானே போகும்?”

அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. கிழக்கில் பட்டி என்றால் மாடு அடைக்கும் இடம். ‘ரிப்பேரியன் பஃபர் ஸ்ட்ரிப்’ என்ற ஆங்கிலத் தொடரில் உள்ள ‘ஸ்ட்ரிப்’ என்பதற்கு நீளத் துண்டு என்ற பொருளில் நான் போட்ட சொல், மாட்டை ஆற்றிலிருந்து விலக்கச் சொன்ன நூலை, மாட்டை ஆற்றங்கரையிலேயே அடைக்கச் சொல்லும் நூலாக மாற்றிவிட்டது. பொருத்தமான சொல்லை அன்றிலிருந்துதான் தேடத் தொடங்கினேன்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். மேய்ச்சல் நிலத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில், உழாமல், மேய்க்காமல், எருப் போடாமல் விடும் ஒரு நீண்ட துண்டு நிலம்தான் ரிப்பேரியன் பஃபர் ஸ்ட்ரிப். அதில் புல்லும் புதரும் மரமும் வளரும். மாடு தண்ணீருக்கு இறங்கி ஏறும் இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குளம்பு மிதித்து மிதித்துக் கரை சரிந்து, சேறும் சாணியும் கலந்த ஒரு வாய்க்கால் மாதிரி ஆகியிருக்கும். அடுத்த மழையில் அத்தனையும் ஆற்றில்தான். அந்தத் துண்டு நிலத்தை வேலியால் பிரித்து, மாட்டுக்குத் தண்ணீரைத் தொட்டியில் கொடுத்தால், மேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீர் புல்லுக்குள் புகுந்து வேகம் குறையும். மண் அங்கேயே படியும். மண்ணோடு ஒட்டிவரும் பொசுபரசும் படிந்துவிடும். ஈரமண்ணில் உள்ள பற்றீரியா நைத்திரேற்றின் ஒரு பகுதியை வாயுவாக்கி விட்டுவிடும். மர வேர் கரையைப் பிடிக்கும், நிழல் நீரைக் குளிர்மையாக வைக்கும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘ரிப்பேரியன்’ இலத்தீனின் ‘ரீபா’விலிருந்து வந்தது. ரீபா என்றால் ஆற்றங்கரை. ஆங்கிலத்தில் ஆற்றைக் குறிக்கும் ‘ரிவர்’ இதே வேரில் பிரெஞ்சு வழியாக வந்த சொல். வந்து சேர்வதைச் சொல்லும் ‘அரைவ்’ கூட, ‘கரையை அடை’ என்ற இலத்தீன் தொடரில் பிறந்ததுதான். நாம் ‘கரை சேர்ந்துவிட்டான்’ என்று சொல்வதை அவர்களும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள் என்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

‘பஃபர்’ அப்படிப் பழைமையானது அல்ல. மெத்தென்ற ஒன்றின் மேல் அடி விழும் ஓசையிலிருந்து எழுந்த சொல். ரயில் பெட்டிகளின் முனையில் மோதலைத் தாங்க வைத்த வட்ட இரும்புகளுக்குப் பெயராகி, பிறகு நடுவில் நின்று தாங்கும் எதற்கும் ஆகிவிட்டது. நம் பாடநூல்களில் இதற்குத் ‘தாங்கல்’ உண்டு; வேதியியல் படித்தவர்களுக்குத் தாங்கற்கரைசல் நினைவிருக்கும். ஆனால் ஆற்றோரத்தில் வைத்துத் ‘தாங்கல்’ என்றால் குழப்பம் வரும். தமிழ்நாட்டில் தாங்கல் என்பது சிறு ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்த ஊர்ப்பெயர்கள்.

இந்தத் துண்டு நிலத்தை ‘வலயம்’ என்றும் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, இலங்கையின் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கடலோரத்தில் வீடு கட்டத் தடை வந்ததே, ‘பஃபர் சோன்’ என்ற பேச்சு நம் மக்கள் காதில் விழுந்தது அப்போதுதான். அதற்கு முன்பே இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் நம் காணிகளை விழுங்கியிருந்தது. வலயம் என்றாலே முள்ளுக்கம்பியும் திரும்பக் கிடைக்காத காணியும்தான் நினைவுக்கு வரும். ஒரு விவசாயி மனம் விரும்பித் தன் நிலத்தில் விடும் துண்டுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

‘கரை’யைத்தான் நான் திரும்பத் திரும்பச் சுற்றிவந்தேன். ஆற்றுக்கும் கரை, சேலைக்கும் கரை. கொழும்பின் காலி வீதித் தையல் கடைகளில் புதுச் சேலையைக் கொடுத்தால், கீழ்க்கரையின் உட்புறத்தில் ‘ஃபோல்ஸ்’ என்று ஒரு நீளத் துணியை வைத்துத் தைத்துத் தருவார்கள். காலும் தரையும் உரசித் தேய்வதை அந்தத் துணி வாங்கிக்கொள்ளும், சேலை பிழைக்கும். கரை வெறும் கோடு அல்ல, அகலம் உள்ளது, அது தேய்ந்து மற்றதைக் காக்கும் என்று நம் பெண்கள் சொல்லித்தரத் தேவையில்லாமல் அறிந்து வைத்திருக்கிறார்கள். ஆற்றுக்கும் அதுவேதான் தேவை. அதனால் ‘காப்புக்கரை’ என்று வைத்தேன். ‘கரைக்காப்பு’ என்று திருப்பிப் போட்டால் பொருள் மாறிவிடும். கரை அரிக்காமல் கல் அடுக்குவதைத்தான் அது சொல்லும்.

சிங்களத்தில் இதைவிட அழகான சொல் ஒன்று இருக்கிறது. உலர் வலயக் கிராமக் குளங்களில், நீர் உள்ளே வரும் பக்கத்தில் விடப்படும் புல்வெளிக்குப் ‘பெரஹன’ என்று பெயர். பெரஹன என்றால் வடிகட்டி. குளத்துக்குள் மண் போகாமல் புல்லால் வடித்தெடுக்கும் வேலையை ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள். தமிழில் ‘வடிகரை’ என்று முயன்று பார்த்தேன். வடிகால் காதில் விழுந்து கெடுத்துவிடுகிறது.

வேலைக்கான சொற்களை நாம் உண்டாக்கவே தேவையில்லை. ‘வேலியிட்டுப் பராமரித்தல்’ என்று நான் எழுதியதை யாழ்ப்பாணத்தார் சுருக்கமாக ‘வேலி அடைக்கிறது’ என்பார்கள். ஒருமுறை போட்டுவிட்டு மறப்பதல்ல, காலத்துக்குக் காலம் அடைப்பது என்பதும் அதில் இருக்கிறது. உயிர்வேலிக்கு நடும் தடிக்குக் கதியால். கிளிசரியாக் கதியால் நட்டால் வேலியும் ஆகும், தழை மாட்டுக்கும் ஆகும். கரையில் வைக்க மருது இருக்கிறது. சிங்களவர் கும்புக் என்பதும் அதையே. வயலும் ஆறும் சேர்ந்த நிலத்துக்கு மருதம் என்று பெயர் வந்ததே மருத மரத்தால்தான் என்பார்கள்.

மலையகத் தோட்டங்களில் ஒரு சொல் உண்டு: கான். சரிவில் மழைநீர் ஓட வெட்டும் கால்வாய். காப்புக்கரை எவ்வளவு நன்றாக வளர்ந்திருந்தாலும், ஒரு கான் அதை ஊடறுத்து நேரே ஆற்றில் விழுந்தால் புல்லுக்கு வேலையே இல்லை. அழுக்குநீர் அதைத் தொடாமல் போய்விடும். பராமரிப்பில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. அதன் நீரைத்தான் அம்பத்தளையில் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பின்புறத்தில் ஒரு மாட்டைக் கட்டி வளர்க்கும் குடும்பத்துக்கும் வெள்ளவத்தையில் என் வீட்டுக் குழாய்க்கும் நடுவில் இருப்பது அந்த ஆறுதான்.

கைநூலில் இப்போது இப்படி இருக்கிறது: ‘மாரிக்கு முன்னர் காப்புக்கரையின் வேலியை அடைத்துவிடுங்கள். வெள்ளம் வடிந்ததும் கம்பியில் சிக்கிய கொப்பையும் சருகையும் எடுத்துவிடுங்கள். நட்ட கன்றுகளைச் சுற்றி முதல் இரண்டு, மூன்று வருடம் களை பிடுங்குங்கள்.’ மாமாவுக்கு மறுபடி அனுப்பினேன். இம்முறை அவர் கேட்டது, “எவ்வளவு அகலம் விட வேணும் மருமகன்?”

நியூசிலாந்தில் 2020இல் வந்த விதிகள், ஒரு மீற்றருக்கு மேல் அகலமான ஆறுகளிலிருந்து பால்மாடுகளைக் குறைந்தது 3 மீற்றர் தள்ளி நிறுத்தச் சொல்கின்றன. அதைச் சொன்னேன். ஆனால் அது அந்த நாட்டுக் கணக்கு. சரிவு கூடக் கூட அகலமும் கூட வேண்டும். மாமாவின் காணி தட்டை. ஒரு மூலையில் மட்டும் மழைநீர் ஓடையாகத் திரண்டு இறங்கும். அந்த மூலையில் இரண்டு மடங்காக விடச் சொன்னேன்.