தடக்கூறு: ‘பேட் செக்டர்’ என்ற சொல்லுக்குள் இருப்பவை

மொரிசியஸின் போர்ட் லூயிஸில் கணினி பழுது பார்க்கும் கடையில் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தால் கிரியோலில் ‘திஸ்க்-லா இன் கத்தே’ என்பார்கள். வட்டு கெட்டுவிட்டது என்று பொருள். அதையே பிரெஞ்சில் எழுதினால் ‘செக்த்தெர் தெஃபெக்த்துயே’. தமிழ் வகுப்பிலோ கோவில் சபையின் குறிப்பேட்டிலோ எழுத வேண்டி வந்தால், ‘பேட் செக்டர்’ என்று ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி முடித்துவிடுகிறோம். எந்த மொழியில் சொன்னாலும் ஒரே சிக்கல்தான்: வேறு வேறு மருந்து வேண்டிய நான்கைந்து நோய்களுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் நோயும் பிரிந்து தெரியும்.

முதலில் வட்டு. டிஸ்க் என்பதன் மூலம் கிரேக்கத்து ‘டிஸ்கோஸ்’, எறிந்து விளையாடும் வட்டத் தட்டு. தமிழில் வட்டு என்பதும் விளையாட்டுச் சொல்தான். வேம்பின் நிழலில் கோடு கிழித்து நெல்லிக்காயை வட்டாக வைத்துச் சிறுவர்கள் ஆடுவதை நற்றிணையின் மூன்றாம் பாட்டில் காணலாம். ‘அரங்கின்றி வட்டாடியற்றே’ என்று 401-ஆம் குறள் தொடங்குகிறது. அரங்கு என்பது ஆட்டத்துக்கு முன் தரையில் வகுக்கும் கட்டம். கட்டம் வகுக்காமல் காயை உருட்டினால் ஆட்டம் இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்கும் இது அப்படியே பொருந்தும்: தடமும் (தட்டைச் சுற்றிவரும் வட்டப் பாதை) கூறும் (அந்தப் பாதையின் சிறு பகுதி) வகுக்காத காந்தத் தட்டில் ஒரு எழுத்தைக்கூடச் சேமிக்க முடியாது. வன்வட்டு, வன்தட்டு, நிலைவட்டு என்று மூன்று பெயர்கள் புழங்குகின்றன. உள்ளே சுழல்வது தட்டு, பெட்டி முழுவதும் வட்டு என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது. அதனால் இங்கே முழுச் சாதனத்துக்கு வன்வட்டு.

செக்டர் லத்தீனில் ‘வெட்டுபவர்’. வெட்டுதல் என்ற பொருளுடைய ‘செகாரே’ என்னும் வினையிலிருந்து வந்தது. வடிவியலில் அது இரண்டு ஆரங்களுக்கும் ஒரு வில்லுக்கும் இடையே வெட்டப்பட்ட துண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல் இதை வட்டக்கோணப்பகுதி என்கிறது. இலங்கைப் பாடநூல் ஆரைச்சிறை என்கிறது. ஆரைச்சிறை அழகான சொல். ஆனாலும் இரண்டையும் வன்வட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பழைய வட்டுகளில் உள்தடமும் வெளித்தடமும் ஒரே எண்ணிக்கையில் வெட்டப்பட்டதால், செக்டர்கள் வெட்டிய கேக் துண்டுகளைப் போல ஒரே ஆரைக்குள் வரிசையாக நின்றன. பிறகு வெளித்தடத்தின் நீளம் வீணாகக் கூடாது என்று அங்கே அதிகக் கூறுகளும் உள்தடத்தில் குறைந்த கூறுகளும் வகுத்தார்கள். அன்றே கேக் துண்டு வடிவம் போய்விட்டது. இன்றைய செக்டர் ஒரு தடத்தின் மேல் வரும் சிறு வில்துண்டு, அவ்வளவுதான். எனவே வட்டக்கூறு என்பதைவிடத் தடக்கூறு சரியானது. கூறு என்பதிலேயே வெட்டுதலும் அடங்கியிருக்கிறது. மீனைக் கூறு போட்டு விற்பதில்லையா?

மொரிசியஸில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாசலும் உண்டு. பிரெஞ்சில் ‘செக்த்தெர்’ என்றால் மின்வழங்கல் என்றும் பொருள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து மின்சாரம் வழங்கியதில் ஒட்டிக்கொண்ட பொருள் அது. ‘பான் தெ செக்த்தெர்’ என்றால் மின்தடை. ‘செக்த்தெர் தெஃபெக்த்துயே’ என்றால் பழுதான தடக்கூறு. காதில் ஒன்றுபோல் விழும் இவ்விரண்டுக்கும் உண்மையிலேயே உறவு இருக்கிறது. கீழே வரும்.

ஒரு தடக்கூற்றை நெருங்கிப் பார்ப்போம். தொடக்கத்தில், படித்து எழுதும் தலைமுனை தன்னை ஒத்திசைத்துக்கொள்ளும் சிறு பகுதி, அடுத்து தரவு, இறுதியில் பிழைதிருத்தக் குறி. பல ஆண்டுகளாகத் தரவின் அளவு 512 பைட், குறி ஏறத்தாழ 50 பைட். 2011 வாக்கில் தயாரிப்பாளர்கள் 4096 பைட் கூறுக்கு மாறினார்கள். எட்டுக் கூறுகளின் குறிகளுக்கு 400 பைட் செலவான இடத்தில் ஏறத்தாழ 100 பைட் போதுமானது. ஆனாலும் இயங்குதளத்திடம் பல வட்டுகள் இன்னும் 512 என்றே எண்ணிக் காட்டுகின்றன. அதாவது எட்டுத் தருக்க எண்களுக்குப் பின்னால் ஒரே ஒரு உண்மையான கூறு இருக்கிறது. பழுது பார்க்கும்போது இதை மறக்கவே கூடாது.

படிக்கும்போது தரவும் குறியும் ஒத்துவராவிட்டால் வட்டு மறுபடி மறுபடி முயலும். முடியாவிட்டால் அந்தக் கூற்றைச் சந்தேகப் பட்டியலில் வைக்கும். இது ஐயக்கூறு, வட்டின் ‘ஸ்மார்ட்’ உடல்நிலை அட்டவணையில் 197-ஆம் பண்பு, ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’. அந்த இடத்தில் புதிதாக எழுதும் கட்டளை வரும்போதுதான் வட்டு சோதிக்கிறது. எழுதியது சரியாகப் படிந்தால் ஐயம் நீங்கும். படியாவிட்டால் ஒதுக்கி வைத்த உபரி இடத்திலிருந்து வேறொரு கூற்றை எடுத்து, பழைய எண்ணையே அதற்குச் சூட்டும். இது மாற்றுக்கூறு, 5-ஆம் பண்பு. வட்டு ஓய்வில் இருக்கும்போது தன்னைத் தானே சோதித்து, படிக்க முடியவில்லை என்று கண்டது மீளாக்கூறு; 198-ஆம் பண்பு. பல வட்டுகளில் 197-உம் 198-உம் ஒரே எண்ணைக் காட்டும். தொழிற்சாலையிலேயே ஒதுக்கப்பட்ட கூறுகள் தனிப் பட்டியலில் இருக்கும். அவை இந்த எண்ணிக்கைகளில் சேராது. பழுதே இல்லாமல் பிறந்த வன்வட்டு கிடையாது.

மின்தடையின் உறவு இங்கேதான். எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் தரவு பாதி புதியது, குறி பழையது என்று நின்றுவிடலாம். தட்டின் பரப்பில் ஒரு கீறலும் இல்லை, ஆனால் படிக்க முடியாது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து தலைநகர் வெள்ளத்தில் மூழ்கியதைப் போன்ற நாட்களில் யுபிஎஸ் இல்லாத கணினிகளில் ஐயக்கூறுகள் முளைப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அதைப் பார்த்து வட்டைத் தூக்கி எறிவதும் தவறு, தரவை எடுக்காமல் விட்டுவைப்பதும் தவறு.

லினக்ஸில் சோதிக்க, ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பை நிறுவுங்கள். ஸ்மார்ட் என்பது வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் முறை. 1992-இல் ஐபிஎம் தன் வட்டடுக்குகளில் வைத்த முன்னறிவிப்பும், பின்னர் காம்பேக் வட்டு நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கிய முறையும் 1995-இல் பொதுத் தரமாக உருப்பெற்றன. ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளையை, நிர்வாகி உரிமை தரும் சூடோவுடன், சிறிய ‘ஏ’ தெரிவு வைத்து, /டெவ்/எஸ்டிஏ மீது ஓட்டினால் முழு அட்டவணையும் வரும். யுஎஸ்பி பெட்டியில் உள்ள வட்டு பதில் சொல்லாவிட்டால் ‘-டி சாட்’ (-d sat) என்பதையும் சேர்க்க வேண்டும்.

மேலே ‘பாஸ்ட்’ என்று வருவதை நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள். அது தயாரிப்பாளர் வைத்த எல்லையை மதிப்பு தாண்டியதா என்று மட்டும் பார்க்கிறது. நூறு ஐயக்கூறு வைத்திருக்கும் வட்டும் ‘பாஸ்ட்’ காட்டும். கடைசி நெடுவரிசையான மூல மதிப்பைப் பாருங்கள். 5, 187 (திருத்த முடியாமல் கணினிக்குத் தெரிவித்த பிழைகள்), 197, 198 நான்கும் சுழியமாக இருக்க வேண்டும். சீகேட் வட்டில் 1-ஆம் பண்பும் (படிப்புப் பிழை விகிதம்) 7-ஆம் பண்பும் (தலைமுனையின் தேடல் பிழை விகிதம்) கோடிக் கணக்கில் தெரிந்தால் பயம் வேண்டாம். அங்கே பிழையின் எண்ணிக்கையும் செயல்களின் எண்ணிக்கையும் ஒரே எண்ணுக்குள் கட்டப்பட்டிருக்கின்றன.

199-ஆம் பண்பு (தரவு கடத்தும்போது நேரும் பிழை) மட்டும் உயர்ந்து மற்றவை சுழியமாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் வட்டு அல்ல, அதைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கம்பி. கடலோரத்து உப்புக்காற்றில் கம்பி முனை கருத்துப்போவதும் உண்டு. கம்பியை மாற்றி, பழைய எண்ணைக் குறித்துவையுங்கள். அது ஒருபோதும் குறையாது. மேலும் உயராமல் நின்றாலே சரியாகிவிட்டது என்று அர்த்தம். இயங்குதளத்தின் கர்னல் பதிவும் இதையே சொல்லும்: ‘யுஎன்சி’, ‘மீடியம் எரர்’ என்றால் தட்டு, ‘ஐசிஆர்சி’ என்றால் கம்பி. ‘திஸ்க்-லா இன் கத்தே’ என்ற ஒரே வாக்கியத்தை நம்பி நல்ல வட்டைக் குப்பையில் போடுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

அடுத்து நீண்ட சோதனை: ‘-டி லாங்’ (-t long). குறுஞ்சோதனை இரண்டு நிமிடம் எடுக்கும். நீண்ட சோதனை ஒரு டெராபைட்டுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும். பல வட்டுகள் முதல் பிழையிலேயே நின்று அதன் எண்ணைத் தரும். அந்த எண் 1953024 என்று வைத்துக்கொள்வோம். வகிர்வு (பார்ட்டிஷன்) 2048-இல் தொடங்குகிறது. கோப்பு முறைமையின் தொகுதி 4096 பைட், அதாவது எட்டுத் தருக்கக் கூறு. 1953024-இலிருந்து 2048-ஐக் கழித்தால் 1950976. எட்டால் வகுத்தால் 243872. இஎக்ஸ்டி4 முறைமையில் ‘டிபக்எஃப்எஸ்’ கருவியைத் திறந்து ‘ஐசெக் 243872’ என்றால் கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் ஐனோடின் எண் வரும். அந்த எண்ணை ‘என்செக்’ கட்டளைக்குக் கொடுத்தால் கோப்பின் பெயர் வரும். போனது ஒரு பழைய காவடிப் புகைப்படமா, கோவிலின் கணக்கு ஏடா என்பது அப்போது தெரியும்.

அந்த இடத்தில் மேலெழுத வேண்டுமானால் எண் வேறு. முழு வட்டில் எண்ணும்போது 1953024-ஐ எட்டால் வகுக்க வேண்டும்: 244128. ‘டிடி’ கட்டளையில் தொகுதி அளவு 4096, சீக் 244128, எண்ணிக்கை 1, நேரடி எழுத்து. 243872-ஐத் தவறுதலாக இங்கே கொடுத்தால் சரியாக ஒரு மெகாபைட் தள்ளி, நல்ல தரவு அழியும். 512 பைட் மட்டும் எழுத முயன்றாலும் தோல்விதான். அந்தக் கூற்றின் மீதி ஏழு பங்கைப் படிக்க வட்டு முயன்று தடுமாறும். எழுதிய பிறகு 197 குறைந்து 5 அசையாமல் நின்றால், பரப்பு நன்றாக இருக்கிறது, பழி பெரும்பாலும் மின்தடையுடையது. 197 குறைந்து 5 ஏறினால் தட்டில் உண்மையான காயம். வாரம் ஒருமுறை 5 ஏறிக்கொண்டே போனால் புது வட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் தரவை நகல் எடுத்த பிறகுதான். நகல் இல்லாத, ஐயக்கூறு பெருகும் வட்டின் மேல், கோப்பு முறைமையைச் சீர்செய்யும் ‘எஃப்எஸ்சிகே’ ஓட்டுவது ஆபத்து. அது எழுதும் கருவி, சேதத்தைப் பரப்பும். ‘பேட்பிளாக்ஸ்’ கருவியில் சிறிய ‘டபிள்யூ’ தெரிவு எல்லாத் தரவையும் அழித்துவிடும். நகலுக்கு உரியது ‘டிடிரெஸ்க்யூ’. டெபியனில் அந்தத் தொகுப்பின் பெயர் ‘ஜிடிடிரெஸ்க்யூ’. முதல் சுற்றில் ‘-என்’ தெரிவு வைத்து எளிதில் வருவதை எடுத்து, இரண்டாம் சுற்றில் ‘-டி -ஆர்3’ (-d -r3) என்று மூன்று முறை முயலச் சொல்லலாம். எதுவரை நகலானது என்று குறித்துவைக்கும் வரைபடக் கோப்பின் பெயரைக் கட்டாயம் கொடுங்கள். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூலம் முதலில், இலக்கு இரண்டாவதாக. மாற்றி எழுதினால் வெற்று வட்டு தரவின் மேல் நகலாகும்.

‘டிக் டிக்’ என்று ஒரே தாளத்தில் ஒலி வந்தால் நிலைமை வேறு. தலைமுனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முட்டுகிறது. தலைமுனை உடைந்து தட்டில் உரசினால் ஒவ்வொரு சுழற்சியிலும் பரப்பு சுரண்டப்படும். உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். தடக்கூறு கணக்கு எதுவும் இங்கே செல்லாது; தரவு மதிப்புள்ளது என்றால் தூய்மையறை உள்ள மீட்பகம்தான் வழி.

எண்கள் சுழியமாக இருப்பதும் உறுதியான பாதுகாப்பு அல்ல. கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளைப் பார்த்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செயலிழந்தவற்றில் 56 விழுக்காட்டுக்கும் மேல், வலுவான அறிகுறிகள் என்று கருதப்பட்ட நான்கில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின. இன்னொரு பக்கம், முதல் வருடல் பிழை (பரப்பைச் சோதிக்கையில் தெரியும் பிழை) தோன்றிய வட்டு அடுத்த 60 நாளில் இறக்கும் வாய்ப்பு, தோன்றாத வட்டைவிட 39 மடங்கு. அறிகுறி இல்லாததை நம்பாதீர்கள். அறிகுறி வந்தால் நம்புங்கள்.

எஸ்எஸ்டி வட்டுக்குத் தடக்கூறு என்ற சொல்லைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே சுழலும் தட்டும் இல்லை, தடமும் இல்லை. மின்னணு நினைவகத்தின் பக்கமும் தொகுதியும்தான். செக்டர் என்ற பழைய பெயர் முகவரி எண்ணாக மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வட்டில் 5, 197 என்ற பண்பு எண்களையும் தேட வேண்டாம். ‘பெர்சென்டேஜ் யூஸ்ட்’, ‘அவெயிலபிள் ஸ்பேர்’, ‘மீடியா எரர்ஸ்’ ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். அவற்றைத் தமிழில் தேய்வு விழுக்காடு, எஞ்சிய உபரி, ஊடகப் பிழை என்று எழுதலாம்.