செத்தவர் முகத்தை வெட்டி ஒட்டாதீர்கள்

வன்முறையைப் பற்றிப் படம் செய்யச் சொன்னால், பிள்ளைகளின் கை முதலில் போவது சிவப்பு பெயின்டுக்கும் செய்தித்தாளில் வந்த பிணப் படத்துக்கும்தான். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடை பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கொலாஜ் (காகிதம், துணி என்று வெட்டி ஒட்டிச் செய்யும் படம்) வகுப்பு எடுக்கும்போது இதைத் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. போனில் அன்றாடம் கண்ணில் படுவது அதுதான். சொல்லிக்கொடுக்கிற நாம்தான் தடுக்க வேண்டும்.

அந்த முகத்துக்கு ஒரு வீடு இருக்கிறது. கண்காட்சி நடக்கிற அதே பஞ்சாயத்தில்கூட இருக்கலாம். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தை என்றால் சட்டமே கறாராக இருக்கிறது. பெயர், படம், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிட போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை போடுகிறது. பள்ளிச் சுவரில் ஒட்டிய சார்ட்டை யாராவது படமெடுத்து வாட்ஸ்அப்பில் விட்டால் அப்புறம் திரும்பப் பிடிக்க முடியாது.

சரி, முகம் வேண்டாம் என்றால் எதை ஒட்டுவது? பொருளை ஒட்டுங்கள். நாகரிகம் செய்து வைத்த பொருள்களுக்குள்ளேயே வேண்டிய அளவு வன்முறை இருக்கிறது. முள்கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விவசாயி ஜோசப் கிளிடன் 1874இல் அதற்குக் காப்புரிமை வாங்கியது மாட்டை மறிப்பதற்காக. முதல் உலகப் போரில் அதே கம்பி பதுங்குகுழிகளுக்கு முன்னால் மனிதர்களை மறித்தது. பிறகு நாஜி வதைமுகாம்களைச் சுற்றி நின்றது. நம் மாந்தோப்பு வேலியிலும் அதுதான்.

வேலியிலிருந்து கழற்றிப் போட்ட துருக்கம்பி ஒரு முழம் போதும். பழைய வேட்டித் துண்டை வினிகரில் நனைத்துக் கம்பியில் இறுகச் சுற்றி, பாலித்தீன் பையில் கட்டி ஓரிரு நாள் வையுங்கள். பிரித்தால் ஒவ்வொரு முள்ளும் இருந்த இடத்தில் செம்பழுப்பாக ஒரு கறை, அதைச் சுற்றி வெளிறிய மஞ்சள் வளையம். பெயின்ட் டப்பாவில் இந்த நிறம் கிடைக்காது. கம்பியை நறுக்குவதும் சுற்றுவதும் பிரிப்பதும் கையுறை போட்ட பெரியவர்கள் வேலை. துணி மட்டும் பிள்ளைகள் கைக்குப் போகட்டும்.

வங்க ஓவியர், சிற்பி சோம்நாத் ஹோரை இங்கே சொல்லியாக வேண்டும். 1943 வங்கப் பஞ்சத்தை நேரில் பார்த்து வரைந்தவர். 1970களில் ‘காயங்கள்’ வரிசையைச் செய்தபோது ஒரு மனித உருவமும் வைக்கவில்லை. பரப்பைக் கீறி, அதிலிருந்து அச்சு எடுத்து, காகிதக் கூழை அழுத்தினார். வெள்ளைக் காகிதத்தில் வெள்ளையாகவே வெட்டுத் தழும்பு. எனக்குத் தெரிந்து நம் நாட்டில் வன்முறையைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசிய வேலைகள் குறைவு.

நம் ஊர் வழியாகவே போன வன்முறையும் உண்டு. 1921 நவம்பரில், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த மலபார் கிளர்ச்சியில் பிடிபட்ட கைதிகளைத் திரூரில் ஒரு ரயில் சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூரில் கதவைத் திறந்தபோது பலர் மூச்சுத் திணறிச் செத்துக் கிடந்தார்கள். மொத்தச் சாவு எழுபதை நெருங்கியது. வகுப்பில் இதற்கு ஓர் அட்டைப்பெட்டி செய்தோம். உள்ளே பொம்மை இல்லை, படம் இல்லை. உள்சுவரெல்லாம் கரி தொட்ட விரல்களால் இழுத்த கோடுகள். ஒரு கண் வைத்துப் பார்க்கிற அளவுக்குப் பிளவு. “இந்த ரயில் நம்ம பாலக்காட்டைத் தாண்டித்தான் போச்சா சார்?” என்று ஒரு பெண் கேட்டாள். ஆமாம், ஷொறணூர், பாலக்காடு, வாளையார் என்று அந்தப் பாதையைப் பலகையில் எழுதிக் காட்டினேன்.

ஆசிரியர்களுக்கு இன்னொன்று. இந்த மாதிரி வகுப்பில் சில பிள்ளைகள் போரையோ ரயிலையோ விட்டுவிட்டு, சொந்த வீட்டுக்குள் நடப்பதைச் செய்துவிடுவார்கள். பெல்ட், மூடிய கதவு, உடைந்த தட்டு என்று வரும். அதைக் கண்காட்சியில் வைக்காதீர்கள். எல்லார் முன்னாலும் விளக்கம் கேட்காதீர்கள். தனியாக உட்கார்ந்து, அவர்கள் சொல்கிற அளவுக்குக் கேளுங்கள். அடி விழுகிறது என்று தெரிந்தால் 1098க்குக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்கான அந்த உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.