பாலூட்டுங்காலக் கீட்டோன் அமிலமிகை: பால் புளிப்பதில்லை

தாய்ப்பால் கொடுக்கும் பெண்களுக்கு அரிதாக வரும் ஓர் ஆபத்தான நிலையை ‘பாலூட்டும் அமிலத்தன்மை’ என்று எழுதுகிறார்கள். முதலில் ஒரு துண்டறிக்கையில் பார்த்தேன், அப்புறம் ஒரு காணொளியில் கேட்டேன். போன வாரம் ஒரு கட்டுரையில் அது ‘பால் அமிலத்தன்மை’ என்று இன்னும் தேய்ந்திருந்தது. இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

மூலச் சொல் லாக்டேஷன் கீட்டோஅசிடோசிஸ். லத்தீனில் ‘லாக்’ பால், ‘அசிடஸ்’ புளிப்பு. ‘ஓசிஸ்’ ஒரு நிலையைக் குறிக்கும் கிரேக்க விகுதி. கீட்டோன், 1848-இல் ஜெர்மானிய வேதியியலாளர் லியோபோல்ட் க்மெலின் அசிட்டோனிலிருந்து உருவாக்கிய பெயர். நம் ‘அமிலம்’ வடமொழி வழி வந்தது. வேர் இவ்வளவுதான்.

உடலில் நடப்பது என்ன? பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை, தாயின் ரத்தத்திலுள்ள குளுக்கோஸிலிருந்து உருவாகிறது. முழுக்கத் தாய்ப்பால் கொடுப்பவருக்கு நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். அவர் பட்டினி கிடந்தாலோ, வாந்தியால் சாப்பிட முடியாமல் போனாலோ, எடை குறைக்க மாவுச்சத்தை அடியோடு ஒதுக்கினாலோ, உடல் கொழுப்பைக் கரைத்து ஈடுகட்டப் பார்க்கும். அப்போது கல்லீரலில் கீட்டோன்கள் உண்டாகின்றன. அவற்றில் இரண்டு அமிலங்கள். அவை அளவு மீறிச் சேர்ந்தால் ரத்தத்தின் பிஎச், அதாவது அமிலம் கூடக் கூடக் குறையும் அளவீடு, 7.35-க்குக் கீழே இறங்கிவிடும்.

‘பாலூட்டும் அமிலத்தன்மை’ இதில் எதையாவது சொல்கிறதா? ‘பாலூட்டும்’ பெயரெச்சம். பாலூட்டும் தாய் என்றால் தாய் பாலூட்டுகிறாள். பாலூட்டும் அமிலத்தன்மை என்றால் அமிலத்தன்மை பாலூட்டுகிறது என்றாகிறது. ‘பால் அமிலத்தன்மை’ இன்னும் மோசம். படிக்கிற தாய்க்குத் தன் பால் புளித்துவிட்டது, குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் தோன்றும். நிலைகுலைவது அவள் ரத்தம், பால் அல்ல. போதாததற்கு, பால் அமிலம் என்பது லாக்டிக் அமிலத்துக்கு ஏற்கெனவே வழங்கும் பெயர். 1780-இல் வேதியியலாளர் ஷீலே அதைப் புளித்த பாலில் கண்டறிந்ததால் வந்தது. அது ரத்தத்தில் மிகுவது லாக்டிக் அசிடோசிஸ் என்ற வேறொரு கோளாறு, பெரும்பாலும் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் வருவது. இரண்டு நோய்க்கு ஒரே பெயரா?

‘அமிலத்தன்மை’யும் எனக்கு உறுத்துகிறது. பிஎச் 7.1-க்கு இறங்கிய ரத்தம்கூட நடுநிலையான 7-க்கு மேலேதான் இருக்கிறது. ரத்தம் அமிலமாக மாறவில்லை; அமிலம் இருக்க வேண்டியதைவிட மிகுந்திருக்கிறது. பேச்சு வழக்கிலோ அமிலத்தன்மை என்றால் அசிடிட்டி, நெஞ்செரிச்சல். இந்த நோயின் அறிகுறிகள் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல். பெயரும் அப்படி, வலியும் வயிற்றில் என்றால், ஒரு பெண் வயிற்றெரிச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட மாட்டாளா? அவளுக்கு உடனே வேண்டியது மருத்துவமனையும், ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் குளுக்கோஸும்.

தனித்தமிழ் அன்பர்கள் அமிலத்தை விலக்கிக் ‘காடி’ என்று எழுதச் சொல்வார்கள். அருமையான சொல். ஆனால் காடி என்றாலே புளித்த நீர்தான் நினைவுக்கு வருகிறது. விரட்ட நினைத்த புளிப்பு மறுபடி உள்ளே வந்துவிடும்.

நான் எழுதுவது ‘பாலூட்டுங்காலக் கீட்டோன் அமிலமிகை’. எப்போது, எதனால், என்ன என்ற மூன்றும் அதில் உண்டு. கீட்டோனை மொழிபெயர்க்கவில்லை, பரிசோதனை அறிக்கையில் அவள் பார்க்கப்போவது அந்தச் சொல்தான். நீளம் என்று சொல்லி முதல் பகுதியை வெட்டக் கூடாது. கீட்டோன் அமிலமிகை என்றதும் நீரிழிவுதான் பலருக்கு நினைவு வரும். இங்கே சர்க்கரை இயல்பாகவோ குறைவாகவோகூட இருக்கலாம். சர்க்கரை சரியாக இருக்கிறது என்று அவளைத் திருப்பி அனுப்பிவிடாமல் தடுப்பது ‘பாலூட்டுங்கால’ என்ற அடைதான்.

மருத்துவம் மொழிபெயர்க்கிறவர்கள் தலைப்பை அகராதியில் தேடிப் போட்டுவிட்டுக் கீழே உள்ள பத்தியைப் படிக்காமல் விடுவதால் வரும் வினை இது. பத்தியை ஒருமுறை படித்திருந்தால் லாக்டிக் வேறு, லாக்டேஷன் வேறு என்பது அங்கேயே தெரிந்திருக்கும். முன்னதை லாக்டிக் அமிலமிகை என்றே எழுதிவிடலாம்; அந்தப் பெயரில் ‘பால்’ வேண்டவே வேண்டாம்.