கேஸ் விளக்கில் வெளிச்சம் தருவது எது?

1864 மே 24, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள். அன்றுதான் சிங்கப்பூர்த் தெருக்களில் முதல்முறையாகக் கேஸ் விளக்கு எரிந்தது. அதற்கு முன் தெருவுக்கு வெளிச்சம் கொடுத்தது தேங்காய் எண்ணெய் விளக்கு. புது விளக்கைப் பார்க்க வந்த உள்ளூர்க்காரர்கள் சிலர் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் விரல்நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்களாம், உச்சியில் தீ எரிகிறதே, கம்பம் ஏன் சுடவில்லை என்று. அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் இதை வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. எரிகிற ஒன்றைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

கம்பத்துக்குள் ஏறி வருவது குளிர்ந்த வாயு. குழாய்க்குள் ஆக்ஸிஜன் கிடையாது, அதனால் அங்கே எதுவும் எரியாது. வாயு துளையை விட்டு வெளியே வந்து காற்றைத் தொடும் இடத்தில் மட்டும்தான் தீ, அந்தச் சூடும் மேலே போய்விடுகிறது. சரி, அடுத்த கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எரிகிற வாயு ஏன் வெளிச்சம் தருகிறது? தீ என்றாலே வெளிச்சம்தானே என்று தோன்றும். சுத்தமான ஹைட்ரஜனைக் கொளுத்திப் பாருங்கள், பகலில் தீ இருப்பதே கண்ணுக்குத் தெரியாது.

அந்த விளக்குகளுக்கு வாயு வந்தது 1862இல் தொடங்கிய காலாங் கேஸ் ஆலையிலிருந்து. நிலக்கரியைக் காற்றுப் படாமல் மூடிய கலனில் வைத்துக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினால் அது எரியாது, வாயுவை விடும். இப்படிக் கிடைக்கும் நிலக்கரி வாயுவில் பாதியளவு ஹைட்ரஜன், மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக மீத்தேன், கொஞ்சம் கார்பன் மோனாக்ஸைடு. இந்த மூன்றும் வெப்பம் தருமே தவிர வெளிச்சத்துக்குப் பெரிதாக உதவாது. வெளிச்சம் வந்ததெல்லாம் மிச்சமிருக்கும் மூன்று நான்கு சதவீதத்திலிருந்து: எத்திலீன், பென்சீன் மாதிரி கார்பன் நிறைந்த வாயுக்கள். தீயின் உள்பக்கத்தில் காற்று போதாது, அங்கே இவை உடைந்து பொடிப்பொடிக் கரித்துகள்களாக மாறுகின்றன. அந்தத் துகள்கள் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாகி மஞ்சளாகப் பழுக்கின்றன. மெழுகுவர்த்தியிலும் குத்துவிளக்கிலும் நாம் பார்க்கும் மஞ்சளும் இதே கரிதான். ஒரு கரண்டியை மஞ்சள் தீக்குள் பிடித்தால் கறுத்துப் போவது அதனால்தான்.

அப்படியானால் விளக்கு பர்னர் (வாயு வெளியே வந்து எரியும் முனை) செய்பவனுக்கு என்ன வேலை? கரி உருவாக வேண்டும், அது நன்றாகச் சூடாகும் வரை தீக்குள் இருக்க வேண்டும், பிறகு வெளி ஓரத்துக்கு வந்ததும் மிச்சமில்லாமல் எரிந்து போக வேண்டும். காற்று கொஞ்சம் கூடினால் கரி உருவாவதற்கு முன்பே எல்லாம் எரிந்து தீ நீலமாகிவிடும், வெளிச்சம் போச்சு. காற்று குறைந்தால் புகை கக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒடுக்கமான இடத்தில் தீயை நிறுத்தி வைப்பதற்குத்தான் எழுபது எண்பது வருடங்கள் பொறியாளர்கள் துளையின் வடிவத்தோடு மல்லுக்கட்டினார்கள்.

வில்லியம் மர்டாக் 1792இல் இங்கிலாந்தின் ரெட்ரூத்தில் தன் வீட்டில் கேஸ் வெளிச்சம் கொண்டுவந்தார். அந்தத் தொடக்க காலத்துப் பர்னர்களில் பெரிய நுட்பம் எதுவும் இல்லை, குழாய் முனையில் ஒரே ஒரு வட்டத் துளை, அதிலிருந்து நீளமாக ஒல்லியாக ஒரு தீ. எலிவால் பர்னர் என்று அதற்குப் பெயர். உருண்டையான தீயில் காற்றைத் தொடும் பரப்பு குறைவு, வீணாகும் வாயு அதிகம். தீயைத் தட்டையாக்கினால் இரண்டு பக்கமும் காற்று படும் என்று கண்டுபிடித்ததுதான் அடுத்த படி. முனையில் துளைக்குப் பதிலாக ரம்பத்தால் அறுத்த மாதிரி ஒரு கீறல் போட்டார்கள், தீ விசிறியாக விரிந்தது. இது வௌவால் இறக்கை. 1820இல் ஜேம்ஸ் நீல்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இன்னொரு வழி கண்டார். ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்த இரண்டு துளைகள் வைத்தார். இரண்டு தண்ணீர்க் குழாய்களை எதிரெதிரே பிடித்துத் திறந்தால் தண்ணீர் மோதித் தட்டையாகத் தெறிக்குமே, அதுபோல இரண்டு வாயு ஓட்டங்களும் மோதி, அவை வந்த திசைக்குக் குறுக்கே ஒரு தகடாக விரிந்தன. தீயின் வடிவத்தை வைத்து அதற்கு மீன்வால் என்று பெயர் வந்தது.

இதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் பார்வைக்குச் சின்னவை, ஆனால் என்னைக் கேட்டால் மொத்தத்திலும் புத்திசாலித்தனமானவை அவைதான். முதலாவது, முனையின் பொருள். ஆரம்பத்தில் எல்லாம் இரும்பு. இரும்பு சூட்டை வேகமாக இழுத்துக் கீழே கடத்திவிடும், தீயின் அடிப்பகுதி குளிர்ந்து வெளிச்சம் குறையும், போதாததற்குத் துருப்பிடித்துத் துளையும் அடைபடும். அதை மாற்றி மாக்கல்லில் முனை செய்தார்கள், நம் வீடுகளில் கல்சட்டி செய்கிற அதே வகைக் கல். துருப்பிடிக்காது, சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், கடைவதற்கும் மென்மையாக இருக்கும், கடைந்த பிறகு சுட்டால் இறுகிவிடும்.

இரண்டாவது, வேகம். வாயு சீறிக்கொண்டு வெளியே வந்தால் சுற்றியிருக்கும் காற்றையும் சேர்த்து இழுத்துக் கலந்துகொள்ளும், அந்தக் கலப்பில் கரி உருவாகாது. ஆகவே நல்ல பர்னரில் அடைப்பைக் கீழே வைத்தார்கள். நுழையும் இடம் குறுகல், மேலே முனையின் கீறல் அகலம். கீழே அழுத்தம் அடங்கி, மேலே வாயு அலுங்காமல் வெளியே வரும். லண்டனின் வில்லியம் சக் இந்த வகைப் பர்னர்களில் பேர்போனவர். அதே அளவு வாயுதான், முனையை மட்டும் மாற்றினால் வெளிச்சம் கணிசமாகக் கூடியது. கேஸ் கம்பெனி மோசமான வாயுவைக் கொடுக்கிறது என்று ஊரே திட்டிக்கொண்டிருந்த பல வீடுகளில் உண்மையான குற்றவாளி தேய்ந்துபோன மலிவான இரும்பு பர்னர்தான்.

வட்டமாகத் துளைகள் வைத்து நடுவிலும் வெளியிலும் காற்று ஏற விட்டு, மேலே கண்ணாடிச் சிமினி வைக்கும் ஆர்கண்ட் பர்னரும் இருந்தது. 1780களில் எண்ணெய் விளக்குக்காக ஏமே ஆர்கண்ட் கண்டுபிடித்த அமைப்பைக் கேஸுக்குக் கொண்டுவந்தார்கள். லண்டனில் வாயுவின் தரத்தையே இந்த மாதிரிப் பர்னரை வைத்துத்தான் அளந்தார்கள்: மணிக்கு 5 கன அடி, அதாவது சுமார் 142 லிட்டர் வாயு எரித்தால் 16 மெழுகுவர்த்தி வெளிச்சம் வர வேண்டும். ஒரு கன அடிக்கு மூன்று மெழுகுவர்த்தி என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்த எண் பின்னால் தேவைப்படும். 1879இல் ஃபிரீட்ரிக் சீமென்ஸ் வெளியேறும் சூட்டைக்கொண்டே உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் பர்னர் செய்தார். அதில் தீயின் சூடும் வெளிச்சமும் கூடின, ஆனால் விளக்கு பெரிதாகிவிட்டது.

இதெல்லாம் நடக்கும்போதே எல்லாவற்றையும் தலைகீழாக்கப் போகிற பர்னர் வேறொரு வேலைக்காக வந்துவிட்டது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வகத்தில் ராபர்ட் புன்சனுக்கு வெளிச்சமும் கரியும் வேண்டாம், சுத்தமான சூடு மட்டும் வேண்டும். கருவிகள் செய்து தந்த பீட்டர் டெசாகாவோடு சேர்ந்து 1855இல் அவர் செய்ததுதான் புன்சன் பர்னர். தீ பிடிப்பதற்கு முன்பே வாயுவோடு காற்றைக் கலந்துவிடுவது அதன் வேலை. சின்ன ஊசித்துளை வழியாக வாயு சீறி வரும்போது பக்கத்துத் துளைகளிலிருந்து காற்றையும் இழுத்துக்கொண்டு குழாயில் ஏறும், மேலே போய்ச் சேரும்போது இரண்டும் நன்றாகக் கலந்திருக்கும். தீ நீலம், கரி இல்லை. விளக்கு பர்னரில் எதைத் தவிர்க்கப் படாதபாடு பட்டார்களோ அதையே வேண்டுமென்று செய்வது.

நம் சமையல் அடுப்பு இந்தப் பர்னரின் நேரடி வாரிசு, அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகலாம். சிங்கப்பூரில் பல வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளுக்குக் குழாயில் கேஸ் வருகிறது (முன்பு அதைக் கொடுத்த பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பெயரால் இன்னமும் பலர் பியூபி கேஸ் என்றுதான் சொல்கிறோம்), மற்றவர்கள் எல்பிஜி சிலிண்டர் வாங்குகிறார்கள். வீடு மாறும்போது பழைய அடுப்பையே கொண்டுபோய் மாட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரே கன அளவுக்கு எல்பிஜி தரும் சூடு குழாய் கேஸ் தருவதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. எல்பிஜியில் இருக்கும் புரொப்பேன் ஒரு பங்கு முழுசாக எரிய 24 பங்கு காற்று வேண்டும், ஹைட்ரஜனுக்கு இரண்டரைப் பங்குகூட வேண்டாம். இங்கே குழாய் கேஸில் ஹைட்ரஜன் நிறைய. ஆகவே குழாய் கேஸ் அடுப்பின் ஊசித்துளை பெரியது, எல்பிஜி அடுப்பினுடையது சின்னது. பெரிய துளையில் எல்பிஜி வந்தால் காற்று போதாமல் மஞ்சள் தீ உயரமாக எழும்பும், பாத்திரம் கறுக்கும், கார்பன் மோனாக்ஸைடும் வரும். குழாய் கேஸுக்கு இன்னொரு குணம், அதில் இருக்கும் ஹைட்ரஜனின் தீ பரவும் வேகம் மிக அதிகம். கலவை மேலே வரும் வேகத்தைவிடத் தீ கீழே இறங்கும் வேகம் கூடிவிட்டால் தீ குழாய்க்குள்ளேயே புகுந்துவிடும். பர்னர் தலையில் துளைகளின் அளவையும் எண்ணிக்கையையும் முடிவு செய்வதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

விளக்குக்குத் திரும்புவோம். புன்சனிடம் படித்த ஒரு ஆஸ்திரியர், கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். அரிய மண் தனிமங்களைப் பிரிப்பதில் கெட்டிக்காரர், நியோடிமியத்தையும் பிரசியோடிமியத்தையும் 1885இல் பிரித்தது அவர்தான். இந்தத் தனிமங்களின் உப்புகளைத் தீயில் காட்டும்போது அவை பளீரென்று ஒளிர்வதைக் கவனித்தவருக்கு ஒரு யோசனை வந்தது: நீலத் தீயின் முழுச் சூட்டையும் எடுத்துக்கொள்வோம், ஒளிர்வதற்குக் கரியை நம்பாமல் நாமே ஒரு திடப்பொருளை உள்ளே வைப்போம். பருத்தி நூலில் பின்னிய சின்ன உறையை (இதுதான் மேண்டில்) உப்புக் கரைசலில் நனைத்துக் காயவைத்து, பர்னரின் மேல் மாட்டிக் கொளுத்தினார். நூல் எரிந்து போய்விடும், அதே பின்னல் வடிவத்தில் ஆக்ஸைடு மட்டும் வலையாக நிற்கும். பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மேண்டில் மாற்றியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், கட்டும்போது துணி, ஒரு தடவை எரிந்த பிறகு விரல் பட்டாலே உதிரும் சாம்பல். ஊரில் கல்யாண ஊர்வலத்திலும் இங்கே அந்தக் காலத்துப் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) கடைகளிலும் எரிந்த பிரஷர் விளக்குகள் இதே வேலையை ஆவியாக்கிய மண்ணெண்ணெயை வைத்துச் செய்தன.

1885இல் அவர் காப்புரிமை வாங்கிய முதல் மேண்டிலில் மக்னீசியம், லாந்தனம், யிட்ரியம் ஆக்ஸைடுகள் இருந்தன. வெளிச்சம் பச்சையடித்தது, சீக்கிரமே உடைந்தது, வியாபாரம் படுத்துவிட்டது. ஆறு வருடங்கள் விடாமல் முயன்று 1891இல் அவர் வந்து சேர்ந்த கலவை 99 சதவீதம் தோரியம் ஆக்ஸைடு, 1 சதவீதம் சீரியம் ஆக்ஸைடு.

அந்த ஒரு சதவீதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எந்தப் பொருள் எந்த நிற ஒளியை நன்றாக உறிஞ்சுமோ, சூடானால் அந்த நிறத்தையே நன்றாக வெளிவிடும் என்பது கிர்காஃபின் விதி. தோரியம் ஆக்ஸைடு வெள்ளை வெளேரென்று இருக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அதற்குப் பக்கத்து அகச்சிவப்பையும் அது உறிஞ்சுவதில்லை. ஆகவே எவ்வளவு சூடானாலும் வெப்பத்தை அகச்சிவப்பாக வெளியே கொட்டி விரயம் செய்யாது, தீயின் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளும். உருகுநிலையோ 3,300 டிகிரி. ஆனால் தனியாக வைத்தால் அதன் வெளிச்சம் மங்கல். சீரியம் கலந்தால் நீலப் பக்கத்து ஒளியை உறிஞ்சும் குணம் வருகிறது, ஆகவே அந்தப் பக்கத்து ஒளியும் வெளிவருகிறது. சரி, இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமே என்று கூட்டினால் சூடு வேகமாக வெளியேறி மேண்டில் குளிர்ந்து, வெளிச்சம் குறைந்து சிவக்கிறது. ஒன்று சரி, ஐந்து தப்பு. இந்தக் கணக்கை ஒரு மனிதர் வெறும் சோதனையிலேயே தொட்டார் என்பது எனக்கு இன்றுவரை வியப்பு. ஒரு கன அடி வாயுவுக்கு மூன்று மெழுகுவர்த்தி என்று இருந்த வெளிச்சம் பதினைந்துக்கு மேல் போய்விட்டது.

அப்புறம் உலகம் முழுக்கத் தோரியம் தேவைப்பட்டது. திருவிதாங்கூர்க் கடற்கரையிலிருந்து ஜெர்மனிக்குப் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் உள்ள மோனசைட் கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் கண்டார், அடுத்த ஆண்டே இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. இன்றைக்கும் அங்கே மணல் அள்ளுவதைப் பற்றிய சண்டை ஓயவில்லை. அதன் தொடக்கம் ஐரோப்பியத் தெருவிளக்குகளில் இருக்கிறது என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மேண்டில் வந்ததும் பர்னரும் மாறியது. வெளிச்சம் இனி தீயில் இல்லை என்பதால் தீயைத் தலைகீழாகக் கவிழ்க்க முடிந்தது. நிமிர்ந்த பர்னரில் பர்னரின் நிழலே கீழே விழும், தெருவுக்கு வேண்டிய வெளிச்சமோ கீழேதான் வேண்டும். கவிழ்த்த பர்னரில் சூடான புகை மேலே ஏறிக் கலவைக் குழாயையே சுட்டுவிடும், உள்ளே காற்று சரியாக இழுபடாது. அதனால் புகையைப் பக்கவாட்டில் திருப்பி விட வேண்டியிருந்தது, முனைக்குப் பீங்கான் தேவைப்பட்டது. வாயுவின் தரத்தை அளக்கும் முறையும் மாறிப்போயிற்று. கரி தேவையில்லாதபோது பென்சீன் எதற்கு? எத்தனை மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று அளந்தவர்கள் எவ்வளவு வெப்பம் என்று அளக்கத் தொடங்கினார்கள்.

சிங்கப்பூரில் 1906இல் மின்சாரத் தெருவிளக்கு வந்தது, காலாங் ஆலை 1998 வரை நகரத்துக்குக் கேஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. பெர்லினிலும் லண்டனிலும் சில தெருக்களில் இன்னமும் மேண்டில் விளக்கு எரிகிறது. தோரியம் கதிரியக்கம் உள்ளது என்பதால் இப்போது முகாம் விளக்குகளுக்கு விற்கும் மேண்டில்களில் பெரும்பாலும் அது இல்லை. அதன் இடத்தில் இருப்பது யிட்ரியம் ஆக்ஸைடு, வெல்ஸ்பாக் 1885இல் போட்டுப் பார்த்துக் கைவிட்ட பொருள்களில் ஒன்று.