'டி தரம்' அல்ல, 'டி வகை'

கார் ஆடியோ பற்றிய தமிழ்க் காணொளிகளில் 'டி தரப் பெருக்கி' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சப்வூஃபர், அதாவது அடிச்சுருதி ஸ்பீக்கர், ஓட்ட ஆம்ப் வாங்கப் போகிறவர் இதைக் கேட்டால், ஏ என்றால் முதல் தரம், டி என்றால் நாலாம் தரம், கூடக் கொஞ்சம் காசு போட்டு நல்ல தரமாகவே வாங்கிவிடுவோம் என்றுதான் நினைப்பார். விஷயம் நேர் எதிர்.

'கிளாஸ்' இலத்தீன் 'கிளாசிஸ்' வழி வந்த சொல். உரோமில் குடிமக்களைச் சொத்து மதிப்பை வைத்துப் பிரித்த பிரிவுக்கு அந்தப் பெயர். மேல் கீழ் என்கிற வாடை அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஆம்ப்ளிஃபையர் எழுத்துகளில் அந்த வாடை கிடையாது. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர், அலையின் 360 பாகை முழுக்க மின்சாரத்தைக் கடத்தினால் ஏ, பாதிச் சுற்று மட்டும் கடத்தினால் பி, நடுவில் நின்றால் ஏபி. சி, ரேடியோ ஒலிபரப்பிகளுக்கு உரியது, பாட்டுக்கு ஆகாது. அதற்கு அடுத்து வந்ததால் டி, அவ்வளவுதான். 'டிஜிட்டல்' என்று விரிப்பதும் தப்பு. இதில் டிரான்சிஸ்டர் வெறும் சுவிட்ச். நொடிக்கு லட்சக்கணக்கான தடவை முழுதாகத் திறந்து முழுதாக மூடுகிறது. அரைகுறையாகத் திறந்து நிற்காததால் சூடு குறைவு.

எவ்வளவு குறைவு? சப்வூஃபருக்கு 500 வாட் ஆர்.எம்.எஸ். (விடாமல் தொடர்ந்து தரும் சக்தி) வேண்டும் என்று வையுங்கள். ஏபி ஆம்ப் 50 சதவீதத் திறனில் ஓடினால் 1000 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது 72 ஆம்பியர். இழுத்ததில் பாதி, சீட்டுக்கடியில் சூடாகப் போகிறது. டி 80 சதவீதம் தந்தால் 45 ஆம்பியர், சூடு 125 வாட். உயர் சுருதியில் டி சுமார் என்று அந்தக் காலத்தில் ஒரு குறை சொல்வார்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே உழலும் சப்வூஃபருக்கு அந்தக் குறையால் என்ன நஷ்டம்? இதைப் போய் 'நாலாம் தரம்' ஆக்கிவிட்டோம்.

'தரம்' வேண்டாமென்றால் 'வகுப்பு' இருக்கிறதே என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் ரயில் பெட்டிக்கும் சரி. 'வகுப்புவாதம்' என்று இன்னொரு பக்கமும் அந்தச் சொல் ஓடுகிறது. 'இரண்டாம் வகுப்பு' என்றதுமே முதல் வகுப்பு நினைவுக்கு வருகிறது. ஏணி இங்கேயும் ஒழியவில்லை. இலங்கையில் பள்ளி வகுப்பையே 'தரம்' என்பார்கள், 'தரம் 5 புலமைப்பரிசில்' மாதிரி. 'டி தரம்' அங்கே இன்னும் விநோதமாக ஒலிக்கும்.

'வகை' போதும். இரத்தத்தில் ஏ, பி, ஏபி என்று அதே எழுத்துகளை வைத்துக்கொண்டு 'இரத்த வகை' என்கிறோம். பி வகைக்காரர் ஏ வகைக்காரரைவிட மட்டம் என்று யாரும் நினைப்பதில்லை. 'டைப்' என்பதற்கும் வகைதானே, குழம்பாதா என்று கேட்பவர்கள், ஆம்ப்ளிஃபையரில் குழம்பிய ஓர் இடத்தைக் காட்டட்டும். தமிழ்ச் சொல் வேண்டும் என்பதில் எனக்கும் பிடிவாதம் உண்டு. ஆனால் வாங்குகிறவரைத் தப்பான பெட்டிக்கு அனுப்பும் தமிழைவிட, கடைக்காரர் சொல்லும் 'கிளாஸ் டி மோனோ' (ஒற்றைச் சேனல் ஆம்ப்) ஆயிரம் மடங்கு மேல்.

ஆம்ப்ளிஃபையருக்கு 'மிகைப்பி' என்றொரு சொல்லும் உலவுகிறது. மிகை என்றால் அளவுக்கு மீறியது. கெயினை, அதாவது ஆம்ப் சிக்னலைப் பெருக்கும் அளவை, கண்டபடி திருகி வூஃபரைக் கருக்கினால்தான் அது மிகைப்பி. 'பெருக்கி' நல்ல சொல். என்ன, 'ஒலிபெருக்கி'யை ஸ்பீக்கருக்குத் தாரை வார்த்துவிட்டோம். அதனால் 'பெருக்கி' என்று தனியாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு வயரிங் தெரியாது என்பதுதான் ஆதிக் கோளாறு. 'கருப்பு வயரைத் தரையில் இணைக்கவும்' என்று ஒரு கையேட்டில் படித்தேன். 'கிரவுண்ட்' என்பதைத் தரையாக்கிவிட்டார்கள். எந்தத் தரையில்? எலக்ட்ரீஷியனைக் கேட்டால் 'பாடி எர்த்' என்பார், அதாவது காரின் இரும்பு உடம்போடு இணைப்பது. பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிகிற இடத்தில் போல்ட் போட்டு இறுக்குவார்.